லைன் போனாலும் வியாபாரம் நிற்கக் கூடாது

வியாபாரச் சகோதரர்களே, முன்பெல்லாம் கடைக்குத் தேவைப்பட்டவை தராசும் லாச்சியும் கணக்குக் கொப்பியும்தான். இன்று அந்த வரிசையில் இன்டர்நெட் லைனும் சேர்ந்துவிட்டது. கொழும்பு மொத்த வியாபாரியின் வங்கிக் கணக்குக்குப் பணம் போய்ச் சேர்ந்தது தெரிந்த பின்னர்தான் லொறியிலிருந்து சீமெந்து இறங்குகிறது. 2022 ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின்னர் கடனுக்குச் சரக்குத் தரும் மனிதர்களை என் கண்ணால் காண்பது குறைந்துவிட்டது. பணம் போகவில்லை என்றால் லொறிக்காரர் அரை மணித்தியாலம் பார்ப்பார், அதன் பிறகு மாத்தளைப் பக்கம் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அன்றைய லைன் பழுதின் விலை அந்த லொறிச் சரக்குத்தான்.

எமது அலவத்துகொட மலைப்பாங்கான இடம். கண்டி - மாத்தளை வீதியோரம் மரக்கிளை விழுந்தாலும் கம்பி அறும், யாராவது கான் வெட்டினாலும் கேபிள் அறும், இடி மின்னலுக்கு மோடம் எரியும். கீழே அக்குறணையில் பிங்கா ஓயா பெருகினால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பழுது என்று அறிவித்தால் கம்பனிக்காரர்கள் வருவார்கள்தான். எப்போது வருவார்கள் என்பதுதான் கேள்வி. ஆகவே கம்பி லைனுக்குப் பதிலாக நிற்க ஒரு சிம் லைன் வேண்டும். கம்பி போனால் யாரும் கை வைக்காமலே சிம்முக்கு மாற வேண்டும், கம்பி வந்தால் தானாகவே திரும்ப வேண்டும். பெரிய கம்பனிகள் பெரும் செலவில் செய்யும் இந்த வேலையைச் சிறு கடைக்காரரும் செய்யலாம் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இதற்கு மூளையாக இருப்பது ரவுட்டர். கம்பனி தரும் பெட்டி தனது சொந்த லைனைத் தவிர வேறொன்றையும் மதிக்காது. எனவே அதன் பின்னால் எமக்குச் சொந்தமான, லினக்ஸில் இயங்கும் ஒரு ரவுட்டரை வைக்கிறோம். லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம். 2002 டிசம்பரில் லின்க்ஸிஸ் கம்பனி டபிள்யூ.ஆர்.டி. 54 ஜி என்ற நீல நிறப் பெட்டியை வெளியிட்டது. அதன் உள்ளே இருப்பது லினக்ஸ் என்று பின்னர் தெரியவந்தபோது, லினக்ஸின் உரிம நிபந்தனைப்படி அதன் மூல நிரலைக் கம்பனி வெளியிட வேண்டியதாயிற்று. அதிலிருந்து 2004 இல் பிறந்ததுதான் ஓபன் டபிள்யூ.ஆர்.டி. என்ற இலவச மென்பொருள். இன்று அது நூற்றுக்கணக்கான ரவுட்டர் மாதிரிகளில் ஓடுகிறது. வாங்கும்போது அந்தப் பட்டியலில் உள்ள, யூ.எஸ்.பி. துவாரம் உடைய மாதிரியைப் பார்த்து வாங்குங்கள். பழைய கம்பியூட்டரிலும் லினக்ஸ் போட்டு இதே வேலையைச் செய்யலாம். ஆனால் இரவு பகலாக ஓடும் பழைய கம்பியூட்டரின் மின்கட்டணம் எமக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்தது டொங்கல். இலங்கையில் டயலொக் 2006 இல் 3ஜி சேவையை ஆரம்பித்தது. 2007 இறுதியில் மொபிடெல் 3.5ஜி உடன் வந்தது. அக்காலத்து டொங்கலை லினக்ஸில் செருகினால் அது மோடமாகத் தெரியாது, ஒரு சீடி டிரைவாகத் தெரியும். விண்டோஸ்காரர்களுக்கான மென்பொருளை அதற்குள்ளேயே வைத்திருந்தார்கள். "நீ சீடி இல்லை, மோடம்" என்று அதற்கு உத்தரவு கொடுக்க யூ.எஸ்.பி. மோட்சுவிட்ச் என்ற சிறு நிரல் தேவை. பலர் டொங்கல் பழுது என்று திருப்பிக் கொடுத்ததற்குக் காரணம் இதுதான். பின்னர் வந்த ஹுவாவி ஹைலிங்க் வகை இலகுவானது. அது தனக்குள்ளேயே ஒரு குட்டி ரவுட்டராக இருந்து, 192.168.8.1 என்ற முகவரியில் சாதாரண நெட்வேர்க் கேபிள் போல வந்து நிற்கும். மேசை லாச்சியில் கிடக்கும் பழைய அன்ட்ராய்ட் தொலைபேசியையும் யூ.எஸ்.பி. வயரால் கொழுவி டொங்கலாகப் பாவிக்கலாம். மின்சாரம் போனால் அதற்கு பெட்டரி இருப்பது ஒரு வசதி, மாதக்கணக்கில் சார்ஜில் கிடந்தால் அந்த பெட்டரி வீங்கும் என்பது ஒரு தொந்தரவு.

இரண்டு இடங்களில் தடுக்கி விழ வாய்ப்புண்டு. முதலாவது, டொங்கலுக்கு மின்சாரம் போதாமை. சிக்னல் குறைந்த இடத்தில் அது அதிகம் இழுக்கும். ரவுட்டரின் யூ.எஸ்.பி. துவாரம் அதைக் கொடுக்க முடியாவிட்டால் டொங்கல் நின்று நின்று வரும். தனி மின்சாரம் உள்ள யூ.எஸ்.பி. ஹப் ஒன்றைப் போட்டால் சரி. இரண்டாவது, முகவரி மோதல். கம்பனிப் பெட்டியின் முகவரி பெரும்பாலும் 192.168.1.1, ஓபன் டபிள்யூ.ஆர்.டி. யும் பிறக்கும்போதே அதே முகவரியோடு பிறக்கிறது. ஒரே இலக்கத்தில் இரண்டு வீடு இருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? எமது ரவுட்டரின் முகவரியை முதலில் மாற்றிவிட வேண்டும்.

இப்போது முக்கியமான விடயத்துக்கு வருவோம். லினக்ஸில் ஒவ்வொரு பாதைக்கும் மெட்ரிக் என்றொரு எண் உண்டு. சிறிய எண் முந்தும். கம்பிக்கு 10, டொங்கலுக்கு 20 என்று கொடுத்தால் கம்பி இருக்கும் வரை எல்லாம் கம்பியில் போகும். இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். ஆனால் லைன் போவது எப்படி என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? எமது ரவுட்டரிலிருந்து கம்பனிப் பெட்டிக்குப் போகும் ஒன்றரை அடி கேபிள் அறுவதில்லை. வெளியே வீதியில் அறுகிறது. பெட்டி உயிரோடு இருக்கிறது, லைட் பச்சையாக எரிகிறது, எமது ரவுட்டரும் எல்லாம் நலம் என்று நம்பி வெறும் சுவருக்குப் பேசிக்கொண்டிருக்கிறது. டொங்கல் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. எனக்கு இதைப் பொருத்தித் தந்த சிநேகிதரின் மகன் சொன்னது ஞாபகம் இருக்கிறது: "மாமா, லைட் பத்துறத பாத்து லைன் ஈக்கி என்டு நம்ப வாணாம்."

அதற்காகவே எம்-வான் 3 என்ற ஒரு பொதியை ஓபன் டபிள்யூ.ஆர்.டி. யில் சேர்க்கிறார்கள். கம்பி வழியாக வெகு தூரத்தில் உள்ள ஒரு முகவரிக்கு "இருக்கிறாயா?" என்று இடைவிடாமல் அது கேட்டுக்கொண்டே இருக்கும். கூகிளின் 8.8.8.8, கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 என்று இரண்டு முகவரிகளைக் கொடுத்து, இரண்டுமே பேசாவிட்டால் மட்டும் லைன் போனதாகக் கருதச் சொல்ல வேண்டும். எமது கடையில் பத்து வினாடிக்கு ஒரு தடவை கேட்கிறது. தொடர்ந்து மூன்று தடவை பதில் இல்லையென்றால் டொங்கலுக்கு மாறுகிறது. திரும்பி வருவதற்கு எட்டுத் தடவை நல்ல பதில் வர வேண்டும். போவது சீக்கிரம், வருவது தாமதம். காரணம், அறுந்த லைன் சில சமயம் வந்து வந்து போகும். அதனோடு சேர்ந்து கடையும் ஊசலாடக் கூடாது. மாறும் அந்த நேரத்தில் வங்கி இணையத்தளத்தில் இருந்தால் அது உங்களை வெளியே தள்ளிவிடக் கூடும், ஏனெனில் முகவரி மாறிவிட்டது. மீண்டும் நுழைந்து, பணம் போனதா இல்லையா என்று முதலில் பார்த்துவிட்டு அனுப்புங்கள். இரண்டு தடவை பணம் போவது லைன் போவதை விட மோசம்.

எந்தக் கம்பனி சிம் போடுவது? இந்தக் கேள்வியில்தான் பலருடைய மாற்று லைன் பெயரளவில் நின்றுவிடுகிறது. மொபிடெல் என்பது ஸ்ரீலங்கா டெலிகொமின் சொந்தக் கம்பனி. கம்பி டெலிகொமுடையது என்றால் சிம் வேறு கம்பனியுடையதாக இருப்பது நல்லது. கடையின் பிரதான லைனே டயலொக்கின் 4ஜி பெட்டி என்றால், அதற்கு டயலொக் டொங்கலை மாற்றாக வைப்பதில் அர்த்தமில்லை. இரண்டும் ஒரே கோபுரத்தைப் பார்க்கின்றன. டயலொக்கும் எயார்டெலும் வைத்திருந்தவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 2024 இல் எயார்டெல் லங்கா டயலொக்குடன் இணைந்துவிட்டது. அதேபோல் எடிசலாட் 2018 இல் ஹட்ச்சுடன் சேர்ந்தது. பழைய சிம் பெட்டியைத் திறந்து பார்த்து, எது இன்று யாருடையது என்று கணக்கெடுங்கள். கம்பனி வேறாக இருந்தாலும் கோபுரம் ஒன்றாக இருக்கலாம், பல கம்பனிகள் ஒரே கோபுரத்தில்தான் அன்டெனாக்களைப் பொருத்தியுள்ளன. எமது பள்ளத்தாக்கில் இது விடயம் புத்தகத்தைப் பார்த்துத் தீர்மானிக்கக் கூடியதல்ல. ஒவ்வொரு கம்பனி சிம்மையும் தொலைபேசியில் போட்டு, டொங்கல் இருக்கப் போகும் அதே ஜன்னலோரத்தில் காலையும் மாலையும் பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

மின்சாரத்தை மறந்தால் செய்த செலவெல்லாம் வீண். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2020 ஓகஸ்ட் 17, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களில் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. கம்பனிப் பெட்டி, ரவுட்டர், ஹப் மூன்றும் குறைந்த மின்சாரத்தில் ஓடுபவை. 12 வோல்ட் சிறு யூ.பி.எஸ். ஒன்று பல மணித்தியாலம் தாங்கும். எனினும் கோபுரத்தின் பெட்டரியும் ஒரு கட்டத்தில் தீரும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிம்மின் டேட்டா அளவானது. லைன் மாறியது தெரியாமல் கடைப் பையன் யூடியூப் பார்த்துக்கொண்டிருப்பான், கம்பியூட்டர் விண்டோஸ் அப்டேட் இழுத்துக்கொண்டிருக்கும், கெமரா படம் அனுப்பிக்கொண்டிருக்கும். ஒரு மாத டேட்டா ஒரு பகலில் தீர்ந்துவிடும். எனவே டொங்கலில் இருக்கும்போது பில் கம்பியூட்டர், வங்கி வேலை, கார்ட் மெஷின் இவற்றுக்கு மட்டும் வழி விடும்படி ரவுட்டரில் எழுதி வைக்க வேண்டும். வீட்டிலிருந்து கடைக் கெமராவைப் பார்ப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. சிம் லைனில் பொதுவாக உங்களுக்கென்று தனி வெளி முகவரி கிடைப்பதில்லை, ஆயிரம் பேருக்கு ஒன்றைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். வெளியிலிருந்து நேரே உள்ளே நுழையும் முறையில் பொருத்திய கெமரா அந்நேரம் தெரியாது. கம்பனியின் இணையவழி ஊடாகப் பார்க்கும் கெமரா என்றால் தெரியும்.

எல்லாவற்றுக்கும் இது மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். 2018 மார்ச்சில் அரசாங்கமே பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் ஆகியவற்றை முடக்கியபோது எத்தனை லைன் இருந்தும் வட்ஸ்அப்பில் ஓடர் எடுக்க முடியவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது எமது அலவத்துகொட பகுதி மண்சரிவில் உயிர்களையே பறிகொடுத்தது. கண்டி மாவட்டத்தில் பாதை, மின்சாரம், தொலைபேசி எல்லாம் ஒன்றாகப் போயின. அந்த நாட்களில் கம்பியும் கோபுரமும் சேர்ந்து விழுந்தன. 2025 ஜூலையில் இலங்கையில் ஆரம்பித்த ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவைக்கு இங்குள்ள கோபுரம் தேவையில்லை, ஆனால் அதன் செலவை ஒரு சிறு கடை தனியாகச் சுமப்பது கஷ்டம். நாலைந்து கடைக்காரர்கள் சேர்ந்து யோசிக்க வேண்டிய விடயம் அது. கார்பன் பில் புத்தகம் ஒன்றும் சில்லறைக் காசும் எப்போதும் லாச்சியில் இருக்கட்டும்.

பொருத்தியாயிற்று என்று விட்டுவிட வேண்டாம். ப்ரீபெய்ட் சிம் பாவிக்காமல் கிடந்தால் காலாவதியாகும், தேவைப்படும் நாளில்தான் அது தெரியவரும். மாதம் ஒரு தடவை, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கடை திறந்ததும், கூட்டம் வருமுன் சோதித்துப் பாருங்கள். ரவுட்டரின் கேபிளை இழுக்காதீர்கள், அது பொய்ச் சோதனை. கம்பனிப் பெட்டிக்கு வீதியிலிருந்து வரும் வயரைக் கழற்றுங்கள். ஒரு பில் போடுங்கள், வங்கிக்குள் நுழையுங்கள், கார்ட் மெஷினைப் பாருங்கள். பின்னர் வயரைப் போட்டு, தானாகத் திரும்புகிறதா என்று காத்திருங்கள். சென்ற மாதம் எமது கடையில் மாறுவதற்கு நாற்பது வினாடி எடுத்தது. பில் போட்டுக்கொண்டிருந்த பையன் கவனிக்கவே இல்லை.