வாட்ஸ்அப் குழு மட்டும் போதுமா? விதைக் குழுக்களுக்கு மாதம் ஒரு காணொலிக் கூட்டம்

இன்றைக்கு வீட்டுத்தோட்டம், மாடித்தோட்டம், நாட்டு விதைப் பரிமாற்றம் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம். சேர்ந்தும் விடுகிறோம். காலையில் வணக்கம், மதியம் ஒரு பூச்சியின் படம், ராத்திரி "யாரிடமாவது சிறகவரை விதை கிடைக்குமா?" என்று ஒரு கேள்வி. இப்படித்தான் குழு ஓடுகிறது.

இதைக் குறை சொல்வதற்கில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் அலைந்து திரிந்து தேடிய விதை, இன்றைக்குத் தபால் உறையில் வீடு தேடி வருகிறதென்றால் அதற்கு இந்தக் குழுக்களும் ஒரு காரணம். ஆனால் விதை போன வேகத்தில் அதைக் காப்பாற்றும் பக்குவம் போய்ச் சேரவில்லை. விதை வாங்கிய நூறு பேரில் எத்தனை பேர் அதை முளைக்க வைத்தார்கள், எத்தனை பேர் கலப்பில்லாமல் விதை எடுத்தார்கள் என்று எந்தக் குழுவிலாவது கணக்கு இருக்கிறதா? பெரும்பாலும் இருக்காது.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு எளிய வழி உண்டு. குழு அப்படியே இருக்கட்டும். அதோடு மாதம் ஒரு முறை காணொலிக் கூட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படம் சொல்லாததை எது சொல்லும்?

மிளகாய்ச் செடியை எடுத்துக்கொள்வோம். ஒருவர் குழுவில் படம் போட்டு, "இலை சுருளுது, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார். பத்து நிமிடத்தில் பதினைந்து பதில்கள் வந்துவிடும். ஒருவர் வேப்பெண்ணெய் என்பார், இன்னொருவர் புளித்த மோர், மற்றொருவர் பஞ்சகவ்யம், நாலாவது ஆள் "பிடுங்கிப் போடுங்க" என்பார். கேட்டவர் குழம்பிப்போய் எல்லாவற்றையும் தெளிப்பார், இல்லையென்றால் எதையும் தெளிக்க மாட்டார்.

பதில் சொன்னவர்கள் எல்லாரும் அனுபவசாலிகள்தான். ஆனால் அவரவர் பார்த்த இலைச்சுருட்டை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். இலை சுருள்வதற்குக் காரணம் ஒன்றல்ல.

இதையே காணொலியில் பார்த்தால் பேச்சு வேறு மாதிரி போகும்.

"அக்கா, கொழுந்தைக் கிட்டக் காட்டுங்க. இலை மேல் பக்கமா மடியுதா, கீழ் பக்கமா மடியுதா?"

"மேல் பக்கமாத்தான் தம்பி."

"ஒரு வெள்ளைத் தாளைக் கீழ பிடிச்சுக்கிட்டு கொழுந்தை ரெண்டு தட்டு தட்டுங்க. ஏதாச்சும் விழுந்து ஓடுதா பாருங்க."

தாளில் பொடிப்பொடியாக, ஒல்லியாக ஏதோ விழுந்து ஓடினால் அது இலைப்பேன். இலைப்பேன் சாறு உறிஞ்சினால் இலை ஓரங்கள் படகு போல மேல்நோக்கி மடியும். இலை கவிழ்த்த படகு போலக் கீழ்நோக்கி மடிந்து, காம்பு நீண்டு, இலை குறுகிப்போயிருந்தால் அது சிலந்திப்பேன். அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிசு. செடியே குட்டையாகி, இலைகள் சிறுத்துச் சுருங்கி, அடிப்பக்கத்தில் வெள்ளை ஈயும் இருந்தால் நச்சுயிரி நோயைச் சந்தேகிக்க வேண்டும். அந்தச் செடிக்கு எந்தக் கரைசலும் உதவாது. பிடுங்கி அப்புறப்படுத்தினால் பக்கத்துச் செடிகளாவது தப்பிக்கும்.

இலைப்பேன் என்று தெரிந்துவிட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் கைகொடுக்கும். வீட்டுத்தோட்டக் கணக்கில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, இரவு முழுக்க ஊறவைத்து, வடிகட்டி, இலையின் அடிப்பக்கம் நனையும்படி சாயங்காலத்தில் தெளிக்க வேண்டும். கூடவே நீல நிற ஒட்டுப்பொறி வைக்கலாம். வெள்ளை ஈக்கு மஞ்சள் நிற ஒட்டுப்பொறி.

இதில் முக்கியமான விஷயம், கேட்டவருக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்த இருபது பேரும் இலையைத் திருப்பிப் பார்க்கவும், தாளில் தட்டிப் பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். அடுத்த முறை அவர்கள் குழுவில் கேட்கும் கேள்வியே தெளிவாக இருக்கும்.

மக்காச்சோளத்தில் படைப்புழுவும் இப்படித்தான். 2018-ல் நம் நாட்டுக்குள் வந்த புழு இது. தலையில் தலைகீழ் 'ஒய்' எழுத்து போன்ற கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளிகளும் இருக்கும். மங்கலான படத்தில் இது தெரியாது. காணொலியில் "புழுவை உள்ளங்கையில வச்சு, வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்க" என்று சொல்லிப் பார்த்துவிடலாம். செல்போன் கேமராவுக்கு முன்னால் ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும்.

எந்தக் கூட்டத்தில் எதைப் பேசலாம்?

"எல்லாரும் வாங்க, பேசலாம்" என்று கூட்டினால் முதல் மாதம் நாற்பது பேர் வருவார்கள், மூன்றாவது மாதம் நாலு பேர்தான் இருப்பார்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். விதைக் குழுக்களுக்கு ஏற்ற மூன்று வேலைகளைச் சொல்கிறோம்.

ஒன்று: முளைப்புத்திறன் பார்ப்பது. ஆடிப்பட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே இதைச் செய்யலாம். ஒவ்வொருவரும் தங்களிடம் உள்ள விதையில் 20 எண்ணி, ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைக்க வேண்டும். துணி காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். தட்டைப்பயறு, அவரை, சுரை, பீர்க்கு போன்றவற்றை எட்டாம் நாள் எண்ணலாம். கத்தரி, மிளகாய்க்கு இரண்டு வாரம் தர வேண்டும். எண்ணும் நாளில் கூட்டம் வைத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் துணியைப் பிரித்துக் காட்டுங்கள். 20-ல் 16 முளைத்திருந்தால் 80 சதவீதம், நல்ல விதை. 6 தான் முளைத்தது என்றால் அந்த விதையைத் தபாலில் அனுப்பி இன்னொருவரின் பட்டத்தை வீணாக்க வேண்டாம். நாமே நெருக்கமாக விதைத்து, புது விதை எடுத்துவிட்டு அப்புறம் கொடுக்கலாம்.

இரண்டு: கைமகரந்தச் சேர்க்கை. சுரை, பரங்கி, பீர்க்கு இவற்றில் விதை கலப்பாவதுதான் பெரிய சிக்கல். ஒரே மாடியில் குடுவைச் சுரையும் நீட்டுச் சுரையும் இருந்தால், அடுத்த தலைமுறையில் எது எதுவென்று தெரியாமல் போய்விடும். பெண் பூவைக் கட்டிவைத்து நாமே மகரந்தம் சேர்ப்பதுதான் வழி. எழுத்தில் படித்தால் கடினமாகத் தோன்றும், ஒரு தடவை பார்த்தால் பிடிபட்டுவிடும்.

இதற்குக் கூட்ட நேரத்தை நாம் தீர்மானிக்க முடியாது, பூதான் தீர்மானிக்கும். பரங்கிப்பூ விடிகாலையில் மலரும். முந்தின நாள் சாயங்காலமே, மறுநாள் மலரப்போகிற ஆண் மொட்டையும் பெண் மொட்டையும் நூலால் கட்டிவிட வேண்டும். அடியில் பிஞ்சு இருந்தால் அது பெண். காலை 6 மணிக்குக் கூட்டம். ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவி, பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் ஒரு வண்ண நூல் அடையாளம் போட வேண்டும். சுரைப்பூவும் பீர்க்கம்பூவும் சாயங்காலம் மலர்பவை. அவற்றுக்கு மதியமே கட்டிவைத்து, மாலைக் கூட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மூன்று: விதைக் கணக்கு. நெல் ஜெயராமன் ஐயா நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ விதை நெல் வாங்கிய உழவர், அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பாரம்பரிய நெல் ரகங்கள் ஊர் ஊராகப் பரவியதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். நம் குழுக்களுக்கும் இது வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு கூட்டத்தில், விதை வாங்கியவர்கள் செடியையோ காயையோ எடுத்த விதையையோ காட்டட்டும். வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று சொல்லட்டும். யாரையும் திட்டுவதற்கில்லை. கொடுத்தவர் "இந்த ரகத்துக்குப் பந்தல் உயரமா வேணுங்க" என்று சொல்லும் வாய்ப்பு அங்கேதான் வரும்.

பெயர்க் குழப்பமும் இங்கே தீரும். சில ஊரில் பூசணி என்றால் மஞ்சள் பூசணி, சில ஊரில் சாம்பல் பூசணி. எழுத்தில் 'பூசணி விதை' என்று போட்டால் யார் எதை நினைத்தார்கள் என்று தெரியாது. காயைத் தூக்கிக் காட்டினால் கேள்வியே இல்லை.

எந்தச் செயலி, எவ்வளவு நேரம்?

20, 30 பேர் கொண்ட சிறு குழுவென்றால் வாட்ஸ்அப்பிலேயே காணொலி அழைப்பு போதும், 32 பேர் வரை பேசலாம். அதற்கு மேல் என்றால் கூகுள் மீட் அல்லது ஜூம். இரண்டிலும் காசு கட்டாமலே 100 பேர் வரை சேரலாம். கூகுள் மீட் 60 நிமிடத்திலும், ஜூம் 40 நிமிடத்திலும் முடிந்துவிடும். இதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். 40 நிமிடத்துக்கு மேல் போனால் அடுப்பில் உலையும், கட்டுத்தறியில் மாடும் காத்திருக்கும்.

எல்லாரும் கேமராவைத் திறந்து வைக்கத் தேவையில்லை. ஒரு மணி நேரக் காணொலிக்கு ஏறத்தாழ 1 ஜிபி வரை செலவாகலாம். தினம் ஒன்றரை ஜிபி வைத்திருப்பவருக்கு அது பெரிய செலவு. செடியைக் காட்டுபவர் மட்டும் திறக்கட்டும், மற்றவர்கள் குரலோடு இருக்கட்டும். சிக்னல் கிடைக்காத தோட்டம் என்றால், முன்கூட்டியே ஒரு நிமிடக் காணொலி எடுத்து ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்பிவிட்டால் அவர் கூட்டத்தில் போட்டுக் காட்டுவார்.

பேசாதவரைப் பேச வைப்பது

குழுவில் அதிகம் எழுதுகிறவர்தான் அதிகம் தெரிந்தவர் என்று இல்லை. நாற்பது வருடம் விதை எடுத்த பாட்டிக்குத் தட்டச்சு வராது. அவர் குழுவில் இருந்தாலும் இல்லாத மாதிரிதான். ஆனால் பேச வைத்தால் ஒரு கூட்டத்துக்கான விஷயத்தை அவர் ஒருவரே சொல்லிவிடுவார். பேரனோ பேத்தியோ போனைப் பிடித்துக்கொண்டால் போதும். காணொலிக் கூட்டத்தின் பெரிய லாபமே இதுதான்.

அதனால் நடத்துபவர் சில ஒழுங்குகளை வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று பேரின் செடிகளை மட்டும் பார்ப்போம் என்று முன்பே அறிவிக்க வேண்டும். ஒருவர் பேசும்போது மற்றவர் மைக்கை அணைக்க வேண்டும். ஒருவருக்கு மூன்று நிமிடம். புதிதாக வந்தவரிடம், "அண்ணே, நீங்க என்ன போட்டிருக்கீங்க?" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெண்கள் அதிகமுள்ள குழு என்றால் நேரத்தை அவர்களைக் கேட்டே முடிவு செய்யுங்கள். இரவு 7 மணி பல வீடுகளில் சமையல் நேரம்.

கூட்டத்தைப் பதிவு செய்வதாக இருந்தால் எல்லாரிடமும் முன்பே கேட்டுவிடுங்கள். இணைப்பைப் பொதுவெளியில் போடாமல் குழுவுக்குள் மட்டும் கொடுங்கள். யாராவது உள்ளே வந்து "முன்பணம் அனுப்புங்க, அரிய விதை தர்றேன்" என்றால், அவர் செடியையும் காயையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரை யாரும் பணம் அனுப்ப வேண்டாம்.

கூட்டம் முடிந்ததும்

அன்றைக்கே ஒருவர் ஐந்து வரியில் குறிப்பு எழுதிக் குழுவில் போட வேண்டும். எந்தச் செடி, என்ன அறிகுறி, எப்படிக் கண்டுபிடித்தோம், என்ன செய்யச் சொன்னோம், எப்போது மறுபடி பார்க்கிறோம். இந்தக் குறிப்புகளை ஒரு நோட்டிலும் எழுதி வைத்தால், இரண்டு வருடத்தில் உங்கள் ஊர் மண்ணுக்கும் பட்டத்துக்கும் ஏற்ற கையேடு ஒன்று தானாக உருவாகிவிடும்.

திரையில் கிடைக்காதது

மண்ணை அள்ளி முகர்ந்து பார்ப்பதும், பஞ்சகவ்யம் பக்குவத்துக்கு வந்ததா என்று வாசனையில் அறிவதும், காய்ந்த விதையைக் கடித்துப் பார்ப்பதும் திரையில் நடக்காது. நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்தது சும்மா இல்லை. அதனால் காணொலிக் கூட்டம் நேரில் சந்திப்பதற்கு மாற்று ஆகாது. வருடத்துக்கு ஒரு முறையாவது ஒரு உறுப்பினரின் தோட்டத்தில் கூடுங்கள், விதையைக் கைக்குக் கை மாற்றிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதம் முகம் பார்த்துப் பேசியவர்கள் அன்றைக்குப் புது ஆட்களாகத் தெரிய மாட்டார்கள்.

தொடங்குவதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். இந்த வாரமே உங்கள் குழுவில் பத்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 20 விதை எண்ணி ஈரத்துணியில் சுருட்டச் சொல்லுங்கள். எட்டாம் நாள் சாயங்காலம் எல்லாரும் துணியைப் பிரிக்கட்டும். உங்கள் முதல் கூட்டம் அதுதான்.