கோலுக்கு நூறு ரூபாய் கொடுத்தால் விளையாட்டில் ஆசை குறைவது ஏன்?

"ஒரு கோலுக்கு 100 ரூபாய்" என்று மகளிடம் சொல்கிறீர்கள். முதல் வாரம் பறந்து பறந்து ஆடுவாள். பிறகு?

பக்கத்து வீட்டுக்குச் சும்மா கறிவேப்பிலை பறித்துக் கொடுப்பவர் நீங்கள். ஒருநாள் அவர்கள் 5 ரூபாயை நீட்டினால்? அடுத்த முறை இலையைப் பறிக்கும்போதே மனம் விலை போடும். பிள்ளை மனமும் அப்படித்தான்: ‘ஓ, காசுக்காகத்தான் ஆடுகிறேன் போல!’ காசு நின்றால் ஆடக் காரணமும் போச்சு.

கற்பனை இல்லை இது. 1973-ல் வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், படம் வரைய ஆசைப்படும் குழந்தைகள் சிலரிடம் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், மற்றவர்கள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் அவர்கள் வரைந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சொல்லாமல் திடீரெனச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆர்வம் குறையவில்லை. பேரம்தான் வினை.

பிடிக்காத வேலைக்குப் பரிசு தந்தால் இந்த ஆபத்து குறைவு. கெடுவதற்கு அங்கே ஆசையே இல்லையே!

அடுத்த ஆட்டம் முடிந்ததும் பர்ஸைத் திறக்காதீர்கள். "இன்னைக்கு எது உனக்கு ஜாலியா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள்.