‘கமிஷன் இல்லை’ என்ற பலகை

பாங்காக் சுவர்ணபூமி விமான நிலையம். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் கண்ணில் பட்ட முதல் கவுண்டரிலேயே 300 டாலரை மாற்றினேன். ‘கமிஷன் இல்லை’ன்னு பெரிசா போட்டிருந்தது. நகரத்துக்குப் போகும் ரயிலைப் பிடிக்க அடித்தளத்துக்கு இறங்கினால், அங்கேயும் வரிசையாகப் பணம் மாற்றும் கடைகள். டாலருக்கு ஒன்றரை பாட் அதிகம்! அதே கட்டடம்தான், சில மாடிகள்தான் வித்தியாசம். 450 பாட் போச்சு. தெருவோரக் கடையில் ஏழு தட்டுச் சாப்பாடு. அந்த எரிச்சலில் உட்கார்ந்து படித்ததுதான் இந்தக் குறிப்பு.

கமிஷன் வாங்காதவன் எப்படிச் சம்பாதிக்கிறான்? பலகையில் இரண்டு விலை இருக்கும். ஒன்று, அவன் நம்மிடம் டாலரை வாங்கும் விலை. மற்றது, நமக்கு விற்கும் விலை. வாங்குவது 33 பாட், விற்பது 35 பாட் என்று வைத்துக்கொள்வோம். 100 டாலர் கொடுத்தால் 3,300 பாட். உடனே மனசு மாறி அதையே திருப்பிக் கொடுத்தால் 94 டாலர் சொச்சம்தான் வரும். ஒரு பைசா கமிஷன் இல்லை, ஆனா கிட்டத்தட்ட 6 டாலர் காணோம். கூகுளில் தெரிவது பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள விலை. அது நமக்குக் கடையில் கிடைக்காது, ஆனா அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இணையம் இல்லையென்றாலும் கவலையில்லை. இரண்டு விலைக்கும் இடைவெளி அகலமாக இருந்தால் அடுத்த கடைக்கு நடங்க.

அடுத்த கேள்வி, சென்னையிலேயே பாட் வாங்குவதா, டாலர் வாங்கிப் போய் அங்கே மாற்றுவதா? இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை நஷ்டம்னுதான் தோணும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் டாலர் எல்லா இடத்திலும் புழங்குவதால் இடைவெளி குறுகல். பாட் இங்கே அவ்வளவு புழங்காததால் இடைவெளி அகலம். இரண்டு சின்ன ஓட்டை சேர்ந்தாலும் ஒரு பெரிய ஓட்டையைவிடச் சின்னதாக இருக்கலாம். சிங்கப்பூர் டாலர், யூரோ மாதிரி இங்கே நன்றாகப் புழங்கும் பணத்துக்கு இந்தச் சுற்று வேண்டாம், நேராகவே வாங்கலாம். எப்படியானாலும் ‘ரேட் என்ன’ன்னு கேட்காதீங்க. ‘50,000 ரூபாய் கொடுத்தா வரியெல்லாம் போக என் கைக்கு எவ்வளவு வரும்’னு கேளுங்க. (50,000க்கு மேல் என்றால் ரூபாயை ரொக்கமாக வாங்க மாட்டார்கள், வங்கி வழியாகத்தான் கட்ட வேண்டும்.) ரூபாய் நோட்டாகவே கொண்டு போகலாம் என்றால், இந்தியாவிலிருந்து 25,000 வரைதான் எடுத்துப்போக அனுமதி. தாய்லாந்தில் அதற்குக் கிடைக்கும் விலையும் சுமார்தான்.

இன்னொன்று எனக்குப் புதுசு. தாய்லாந்துக் கடைகளில் 100 டாலர் நோட்டுக்கு ஒரு விலை, 20 டாலருக்கு அதைவிடக் குறைவு, 1 டாலருக்கு இன்னும் குறைவு. அதனால் சென்னையில் வாங்கும்போதே பெரிய நோட்டாகக் கேட்டு வாங்குங்க. கிழிசல், பேனாக் கிறுக்கல், முத்திரை இருந்தால் அங்கே வாங்காமல் போகலாம். பாஸ்போர்ட்டையும் மறக்காதீங்க.

கார்டு தேய்க்கும்போது மெஷின் ‘ரூபாயா, பாட்டா?’ என்று கேட்கும். ரூபாய் என்றால் நமக்குப் புரியும் எண், மனசுக்கு நிம்மதி. அந்த நிம்மதிக்குத்தான் காசு. ரூபாயைத் தொட்டால் அந்த மெஷின்காரர் வைத்த விலை. பாட்டைத் தொட்டால் நம் கார்டு நிறுவனத்தின் விலை. நம் வங்கி தன் கட்டணத்தைச் சேர்த்தாலும் இரண்டாவதுதான் பெரும்பாலும் மலிவு.

திரும்பும்போது மிச்சத்தை மாற்றினால் அதே இடைவெளி மறுபடி கடிக்கும், சில்லறைக் காசை யாரும் வாங்கவே மாட்டார்கள். கடைசி நாள் கையிலிருந்த பாட் முழுவதையும் ஹோட்டல் பில்லுக்குக் கொடுத்துவிட்டு, குறைந்ததை மட்டும் கார்டில் கட்டினேன். ரயிலுக்கு மட்டும் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன்.