அலுவலக ஆங்கிலம்: எந்தச் சொற்களை முதலில் கற்பது?

ஆங்கிலம் ஓரளவு அறிந்திருந்தும் அலுவலக மின்னஞ்சல் எழுதத் தடுமாறுவோர் நாடெங்கும் உள்ளனர். அவர்களுக்கு அகராதியைவிடச் சிறிய, தேர்ந்தெடுத்த சொற்பட்டியலே உதவும்.

அடிக்கடி வழங்கும் சொற்களை முதலில் கற்பிக்கும் முறைக்கு இத்துணைக்கண்டத்தோடு தொடர்பு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், சுமார் 2,000 சொற்கள் கொண்ட பொதுப் பட்டியலை 1953-இல் வெளியிட்டார். வணிகத்துக்கென சுமார் 1,700 சொற்களை சார்லஸ் பிரவுன், பிரென்ட் கல்லிகன் ஆகியோர் பின்னாளில் தொகுத்தனர்.

ஆயத்தப் பட்டியல் மட்டும் போதாது. தம் மேசைக்கு வரும் கடிதங்கள், ஒப்பந்தங்கள், விலைப்புள்ளிகளில் மீண்டும் மீண்டும் தென்படுவனவற்றையும் கற்பவர் அதில் சேர்க்க வேண்டும். அதுவும் தனிச் சொல்லாக அன்று, தொடராக. 'டெட்லைன்' என்பதன் பொருள் தெரிந்தவருக்கும் 'மீட் தி டெட்லைன்' என்ற தொடர் எழுதும்போது நினைவுக்கு வருவதில்லை. 'டிஸ்கஸ்' என்பதன் பின் 'அபௌட்' சேர்ப்பது பரவலான பிழை.

இந்திய அலுவலக வழக்குகளுக்குத் தனிக் குறியீடு தேவை. இங்கு 'ரிவெர்ட்' என்றால் பதிலளித்தல். பிற நாடுகளில் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புதல். 'விலை குறித்து நாளை ரிவெர்ட் செய்கிறோம்' என்ற வரியைப் படிக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளர், பழைய விலையே திரும்புகிறது என எண்ணக்கூடும். கூட்டத்தை முன்கூட்டி நடத்துவதைக் குறிக்கும் 'ப்ரீபோன்' பலருக்குப் புரிவதே இல்லை. லட்சம், கோடி ஆகியவற்றுக்கு எதிரே மில்லியன் கணக்கையும் எழுதிவைப்பது நல்லது: 10 லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி 10 மில்லியன்.