உப்பளத்து மண்ணிலிருந்து ஒரு மருந்து

கீழ்புத்துப்பட்டிலிருந்து, உப்பளத்தில் வேலை செய்யும் தம் தாயாரை அழைத்து வந்திருந்த மகன், சீழ்ப் பரிசோதனை அறிக்கையை நீட்டிக் கேட்டார்: "இத்தனை மருந்துக்கும் கிருமி அடங்காது என்று எழுதியிருக்கிறதே டாக்டர், புதிதாக யாரும் மருந்து கண்டுபிடிப்பதில்லையா?" அம்மையாரின் பாதப் புண்ணில் இருந்தது, மெத்திசிலின் வகை மருந்துகளுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ். அறிக்கையில் எம்.ஆர்.எஸ்.ஏ. என்று குறிப்பிடப்படுவது இதுவே.

கண்டுபிடிக்கிறார்கள். அவற்றுள் ஒன்று உப்பளத்திலிருந்தே வந்தது. மும்பையின் முலுந்து உப்பளத்து மண்ணில் வாழ்ந்த ஒரு பேசில்லஸ் பாக்டீரியாவிலிருந்து, ஹோக்ஸ்ட் நிறுவனத்தைச் சேர்ந்த சட்டர்ஜி, கங்குலி முதலான ஆய்வாளர்கள் மெர்சாசிடின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்து, 1992-இல் அறிவித்தனர்.

இத்தகைய தேடல் எவ்வாறு நடைபெறுகிறது? மண்ணை நீரில் கரைத்து, ஊட்டமுள்ள தட்டில் பரப்பினால் பலவகை நுண்ணுயிர்கள் வளரும். ஒவ்வொன்றையும் தனித்தனியே பிரித்து, நோய்க்கிருமி வளரும் தட்டில் சோதிப்பார்கள். ஏதேனும் ஒன்றைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தோன்றினால், அது ஒரு கொல்லிப் பொருளைச் சுரக்கிறது என்று பொருள். பின்னர் அதைப் பெருமளவில் வளர்த்து, வளர்ப்பு நீரிலிருந்து அப்பொருளைப் படிப்படியாகத் தூய்மைப்படுத்த வேண்டும். பெரும்பாலான முயற்சிகள் இவ்விடத்தில் ஏமாற்றத்தில் முடிகின்றன. கிடைத்தது முன்பே அறியப்பட்ட மருந்தாக இருக்கும்.

மெர்சாசிடின் அப்படியல்ல. அதன் மூலக்கூறு எடை சுமார் 1825. இருபது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி, கந்தகப் பிணைப்புகளால் நான்கு வளையங்களாக முடிச்சிடப்பட்டிருக்கிறது. கிருமி தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் லிப்பிட் 2 என்னும் மூலப்பொருளை இது பற்றிக்கொள்கிறது. சுவர் எழும்பாமல் கிருமி மடிகிறது. வான்கோமைசினும் அதே மூலப்பொருளைத்தான் பற்றுகிறது, ஆனால் வேறோர் இடத்தில். வேதியியல் அமைப்பை இவ்வளவு நுணுக்கமாக அறிவதன் பயன் இதுவே: பழைய மருந்தை ஏமாற்றக் கற்ற கிருமி, புதியதையும் ஏமாற்றுமா என்பதை ஊகிக்க முடிகிறது.

எனினும் மெர்சாசிடின் இன்றுவரை மருந்துக்கடைக்கு வரவில்லை. ஆய்வகத் தட்டிலும் எலியிலும் வேலை செய்யும் பொருள், மனிதருக்கு நஞ்சாகாத மருந்தாவதற்குள் பல ஆண்டுகளும் பெரும் பணமும் செலவாகின்றன. ஆகவே அந்த மகனிடம், தற்போது நம் கையில் இருப்பது வான்கோமைசின்தான் என்றேன். அதுவும் மண் தந்த மருந்துதான். போர்னியோ காட்டு மண்ணிலிருந்து கிடைத்து, 1958 முதல் பயன்பாட்டில் உள்ளது.

(மண்ணிலிருந்து வந்தது என்பதற்காக மண்ணையோ உப்பையோ புண்ணில் அப்ப வேண்டாம். ரணஜன்னிக் கிருமி வாழ்வதும் மண்ணில்தான்.)

வான்கோமைசின் ஏற்றப்படும் நோயாளியுடன் இருப்போர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஒவ்வொரு முறையும் குறைந்தது ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்றுவோம். விரைவாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கலாம். எனவே துளியின் வேகத்தை நீங்களாகக் கூட்டாதீர்கள். சிறுநீரகத்தைக் கண்காணிக்க இடையிடையே இரத்தம் எடுப்போம். சிறுநீர் குறைந்தாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். வேறு மருத்துவரிடம் செல்ல நேர்ந்தால், சீழ்ப் பரிசோதனை அறிக்கையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.