குளிரில் உறங்கும் உயிர்

களமருதூரில் பெரியப்பா காலமானார் என்று செய்தி வந்தபோது மாலை நாலு மணி. அலுவலகத்தில் சொல்லிவிட்டு உளுந்தூர்ப்பேட்டைக்குப் பஸ் ஏறினேன். ஊர் போய்ச் சேர இரவு பத்தாகிவிட்டது.

கூடத்தின் நடுவே கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டி. அதற்குள் பெரியப்பா, வெள்ளை வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக, மத்தியானத் தூக்கம் போடுகிறவரைப் போலப் படுத்திருந்தார். எண்பத்துநாலு வயது; கல்யாணச் சாவு என்றே ஊரில் சொன்னார்கள். மூத்த மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து கொள்ளி வைக்க வேண்டும். அதுவரை பெட்டியின் மோட்டார் 'உர்ர்' என்று ஓடிக்கொண்டிருந்தது. கரண்டு போய்விட்டால் என்ன செய்வது என்று வாசலில் ஒரு ஜெனரேட்டரும் தயாராக நின்றது. முன்பெல்லாம் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். இப்போது சாவுகூட விமானம் வரும் நேரத்தைப் பார்த்துக் காத்திருக்கிறது!

பெட்டிக்கு அருகில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். என்னைக் கண்டதும் மறுபடி ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"ஏம்மா கண்ணு, நீ பத்திரிகையில எழுதுறவளாச்சே. அமெரிக்காவுல செத்தவங்களை இந்த மாதிரிப் பெட்டியில வச்சிருந்து, பிற்பாடு எழுப்பிடுவாங்களாமே, மெய்தானா?"

சாவு வீட்டில் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கப் பேச்சு வேண்டும். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

வைக்கிறார்கள் என்பது மெய். எழுப்பினார்கள் என்பது இதுவரை இல்லை. ராபர்ட் எட்டிங்கர் என்பவர் 1964-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இறந்தவரை உடனே கடுங்குளிரில் வைத்துவிட்டால், வைத்தியம் முன்னேறிய ஒரு காலத்தில் அவருடைய நோயைத் தீர்த்து எழுப்பிவிடலாம் என்பது அவர் வாதம். 1967 ஜனவரி 12-ஆம் தேதி, கலிபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்போர்ட் என்ற மனோதத்துவப் பேராசிரியர் புற்று நோயால் இறந்தார். வயது 73. அவர் உடலை அப்படியே குளிரில் வைத்தார்கள். இன்றும் அரிஸோனா மாகாணத்தில், திரவ நைட்ரஜன் நிரப்பிய ஒரு பெரிய கலத்தில் அவர் இருக்கிறார். பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிர். அவரைப் போல் இன்னும் சில நூறு பேர் இருக்கிறார்கள். முழு உடலை வைக்க இரண்டு லட்சம் டாலருக்கு மேல் ஆகிறது. உயிருடன் இருக்கும்போதே ஆயுள் இன்ஷூரன்ஸ் எடுத்து அதிலிருந்து கட்டுகிறார்களாம்.

"பணம் தீர்ந்துட்டா?" என்றாள் அத்தை. ஐஸ் பெட்டி வாடகை பேசியவள் அல்லவா!

அதுவும் நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் சாட்ஸ்வொர்த் என்ற ஊரின் மயானத்தில் இப்படி வைத்திருந்த ஒன்பது உடல்கள், நைட்ரஜன் வாங்கப் பணம் இல்லாமல் 1970-களில் உருகிப் போயின. உறவினர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அந்தக் கதையை விரித்துச் சொல்ல அது இடமல்ல. பெட்டிக்குள் பெரியப்பா இருக்கிறார்.

அத்தையின் பேரன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். தூக்கக் கலக்கத்திலும் காது இங்கேதான் இருந்திருக்கிறது. "நட்சத்திரத்துக்குப் போறவங்களை இப்படித்தான் ஐஸில் வச்சு அனுப்புவாங்க, சினிமாவில் பார்த்தேன்" என்றான்.

பையன் சொன்னதில் கணக்கு இருக்கிறது. செவ்வாய்க்குப் போய்ச் சேரவே ஆறிலிருந்து ஒன்பது மாதம் ஆகும். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகிலுள்ள நட்சத்திரம் நாலேகால் ஒளி ஆண்டு தூரம். 1977-இல் கிளம்பிய வாயேஜர் கலம் விநாடிக்குப் பதினேழு கிலோமீட்டர் பாய்கிறது. அந்த வேகத்தில் போனாலும் எழுபதாயிரம் வருஷத்துக்கு மேல் பிடிக்கும். எழுபதாயிரம் வருஷத்துக்கு யார் சோறு கட்டிக் கொடுப்பது? அதனால்தான் கரடி குளிர்காலத்தில் தூங்குவதுபோல மனிதரையும் தூங்க வைக்க முடியுமா என்று ஆராய அமெரிக்காவும் ஐரோப்பாவும் பணம் செலவிட்டிருக்கின்றன. 2025 ஜூன் மாதம் நம் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போனாரே, அவர் அங்கே கவனித்துக்கொண்ட ஜீவன்களில் ஒன்று 'நீர்க்கரடி'. பெயர்தான் கரடி, உருவம் அரை மில்லிமீட்டர். தண்ணீர் வற்றினால் சுருங்கிக் கிடக்கும். ஈரம் பட்டால் எழுந்து நடக்கும். அண்டார்ட்டிகாவில் 1983-இல் எடுத்த பாசியை ஜப்பானியர்கள் முப்பது வருஷம் உறைய வைத்திருந்து இளக்கியபோது, அதற்குள் இருந்த நீர்க்கரடி பிழைத்து முட்டையும் இட்டது.

"இதென்ன அதிசயம்! நம்ம திருநாவலூர்ச் சுந்தரர் அவிநாசியிலே முதலை வாயிலிருந்து பிள்ளையை வரவழைக்கலையா?" என்றாள் அத்தை.

திருநாவலூர் எங்களுக்கு அடுத்த ஊர் மாதிரி. சுந்தரர் பிறந்த ஊர் என்பதால் அத்தைக்கு அவர் சொந்தக்காரர் போலத்தான். முதலை விழுங்கிய பாலகன் பல வருஷம் கழித்துச் சுந்தரர் பாட்டுக்கு வெளியே வந்தான். எப்படி வந்தான்? விழுங்கிய வயதில் அல்ல. இடைப்பட்ட வருஷங்கள் எல்லாம் வளர்ந்தவனாக, கூட விளையாடிய தோழனுக்குச் சமமாக வந்தான். கதை சொன்னவர்கள் இந்த வயதுக் கணக்கை விட்டுவிடவில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

"அவரு வெள்ளானையிலே கைலாசமே போனாரு. ஐஸும் கேக்கலை, ஒண்ணும் கேக்கலை" என்று பேரனைப் பார்த்து முடித்தாள்.

சரி, நீர்க்கரடி பிழைக்கிறது, பேராசிரியர் ஏன் எழவில்லை? இதற்கு விடை நம் சமையலறையில் இருக்கிறது. வெள்ளரிக்காயைத் தவறுதலாக பிரிஜ்ஜின் மேல் அறையில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்துப் பாருங்கள். உருகியதும் கந்தலாய்த் தொங்கும். உள்ளே இருக்கும் தண்ணீர் ஐஸாகும்போது பருக்கிறது. ஊசி ஊசியாய்ப் படிந்து ஒவ்வொரு உயிரணுவின் சுவரையும் கிழித்துவிடுகிறது. மனித உடலில் பெரும்பாகம் தண்ணீர்தானே?

இதற்கு மாற்று 1949-இல் லண்டனில் தற்செயலாக அகப்பட்டது. கிறிஸ்டோபர் போல்ஜ் என்ற இளைஞர் சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறைய வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் சோதனை அமோகமாக வெற்றி பெற்றது. ஆராய்ந்தால், புட்டியில் இருந்தது சர்க்கரையே அல்ல. லேபிள் மாறிப் போய்க் கிளிசரின் இருந்திருக்கிறது! கிளிசரின் உயிரணுவுக்குள் புகுந்து தண்ணீரை ஊசியாக விடாமல் தடுக்கிறது. களமருதூரில் இது எல்லாருக்கும் பழக்கமான சங்கதி. மாட்டுக்குச் சினை ஊசி போட வருகிற டாக்டர் கையில் அலுமினியக் குடம் மாதிரி ஒன்று இருக்கும். மூடியைத் திறந்தால் வெண்புகை எழும். அதிலிருந்து மெல்லிய குழல் ஒன்றை எடுப்பார். அந்தப் புகை, பேராசிரியரை வைத்திருக்கும் அதே திரவ நைட்ரஜன்தான். அதற்குக் கரண்டு வேண்டாம். அவ்வப்போது ஊற்றிக்கொண்டிருந்தால் போதும்.

சிறிய பொருளுக்குள் மருந்து சீக்கிரம் ஊறிவிடும். முழு மனிதன் உள்ளும் புறமும் ஒன்றாகக் குளிர்வதில்லை. சுடு கண்ணாடியில் தண்ணீர் பட்டாற்போல் உள்ளுக்குள்ளேயே விரிசல் விடுகிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் எலியின் சிறுநீரகத்தை நூறு நாள் வரை இப்படி வைத்திருந்து, மறுபடி வேறு எலிக்குப் பொருத்தி வேலை செய்ய வைத்தார்கள். அந்தச் செய்தி 2023-இல் வந்தது. எலியின் சிறுநீரகம் எங்கே, எண்பத்துநாலு வயதுப் பெரியப்பா எங்கே!

ஆனால் குளிரில் உறைந்து கிடந்த ஓர் உயிர் எழுந்து, பள்ளிக்கூடம் போய், பெரியவளாகி, இன்று நம்மிடையே இருக்கிறது என்றால் நம்புவீர்களா? நம் தேசத்தில்தான் அது நடந்தது. நம்பாமல் போனதும் இங்கேதான்.

கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய் என்று ஒருவர் இருந்தார். 1931-இல் பிறந்தவர். கல்கத்தாவில் ஒன்று, எடின்பரோவில் ஒன்று என்று இரண்டு டாக்டர் பட்டம் வாங்கியவர். கருக்குழாய் அடைபட்டதால் குழந்தை இல்லாத ஒரு பெண் அவரிடம் வந்தாள். மருந்து கொடுத்து ஒரே மாதத்தில் பல முட்டைகள் முதிரச் செய்தார். அவற்றை வெளியே எடுத்துக் கணவரின் விந்துடன் சேர்த்துக் கருவாக்கினார். ஆனால் அந்த மாதமே கர்ப்பப் பையில் வைக்கவில்லை. மருந்தினால் களைத்த கர்ப்பப் பை சற்று இளைப்பாறட்டும் என்று கருவை ஐம்பத்துமூன்று நாள் திரவ நைட்ரஜனில் வைத்தார். ஆகார ஆராய்ச்சி நிபுணர் சுனித் முகர்ஜியும், மகப்பேறு டாக்டர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யாவும் கூட இருந்தார்கள். 1978 அக்டோபர் 3-ஆம் தேதி, வங்காளமே துர்கா பூஜையில் மூழ்கியிருந்த வேளையில், ஒரு பெண் குழந்தை பிறந்தது. துர்கா என்றே கூப்பிட்டார்கள்.

இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை பிறந்து சரியாக எழுபதே நாள் ஆகியிருந்தது. அங்கே இயற்கையாக முதிர்ந்த ஒரே முட்டையை எடுத்தார்கள்; உறைய வைக்கவில்லை. அந்தச் சாதனையில் பங்கு கொண்ட ராபர்ட் எட்வர்ட்ஸுக்கு 2010-இல் நோபல் பரிசு கிடைத்தது. இங்கே என்ன கிடைத்தது என்று கேளுங்கள். அந்த நவம்பரில் மேற்கு வங்க சர்க்கார் நிபுணர் குழு ஒன்றை அமைத்தது. குழுவின் தலைவர் ரேடியோ பௌதிகத்தில் வல்லவர்! கருவை உறைய வைத்துப் பழக்கமுள்ளவர் யாரும் அதில் இல்லை. பெற்றோரோ தங்கள் பெயர் வெளிவருவதை விரும்பவில்லை. டாக்டரும் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. சொன்னதெல்லாம் பொய் என்று குழு தீர்த்துவிட்டது. ஜப்பானில் போய்த் தம் ஆராய்ச்சியைச் சொல்ல அழைப்பு வந்தது, அனுமதி மறுத்தார்கள். 1981 ஜூனில் கண் ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். கருவை ஆராய்ந்தவருக்குக் கண்ணில் என்ன வேலை? அந்த மாதம் 19-ஆம் தேதி வீட்டிலேயே தம் உயிரை முடித்துக்கொண்டார். மனைவி நமிதா பள்ளிக்கூட ஆசிரியை.

மூன்று வருஷம் கழித்து, 1984-இல், உறைந்த கருவிலிருந்து உலகின் முதல் குழந்தை என்று ஆஸ்திரேலியாவில் ஒரு குழந்தை பிறந்ததைப் பத்திரிகைகள் கொண்டாடின. நம் நாட்டில் 1986-இல் பம்பாயில் பிறந்த ஹர்ஷாதான் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று எழுதிவைத்தார்கள். அந்தக் குழந்தைக்குக் காரணமானவர்களில் ஒருவர் விஞ்ஞானி டி. சி. ஆனந்தகுமார். அவர் 1997-இல் கல்கத்தா போய், சுபாஷ் விட்டுப் போன கைக்குறிப்புகளைப் படித்தார். படித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை; 'முதல்வன் நான் அல்ல, அவர்' என்ற கருத்தை விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார். இப்படிப்பட்ட மனிதரும் இருக்கிறார்கள். துர்காவும் 2003-இல் வெளியே வந்து பேசினாள்.

இன்று சுபாஷ் செய்த வரிசையில்தான் எங்கும் செய்கிறார்கள்: பல முட்டைகளை எடுத்து, கருவாக்கி, உறைய வைத்து, பிறகு ஒரு மாதத்தில் வைப்பது. 1990-இல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தையைச் சென்னையில் பிறக்கச் செய்த டாக்டர் கமலா செல்வராஜ், ஜெமினி கணேசனின் புதல்வி என்பது வாசகியருக்குத் தெரிந்திருக்கும். 2025 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு ஆண் குழந்தை பிறந்தது. அதன் கரு உறைந்தது 1994-இல்! கூட உண்டான வேறொரு கரு அப்போதே பிறந்து, முப்பது வயதுப் பெண்ணாகி, அவளுக்குப் பத்து வயதில் ஒரு மகளும் இருக்கிறாள். ஆக, தொட்டிலில் கிடக்கும் குழந்தை அந்தப் பத்து வயதுப் பெண்ணுக்குத் தாய்மாமன். காது குத்தும்போது மடியில் உட்கார வைத்துக்கொள்ளத்தான் வழி இல்லை.

அத்தை வாய்விட்டுச் சிரித்துவிட்டு, சாவு வீடு என்பது நினைவுக்கு வர, வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் எழுந்து கொல்லைப்புறம் போனேன். சித்தப்பா மகள் அங்கே எல்லாருக்கும் காப்பிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம்; சென்னையில் இருக்கிறாள். பேசியதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

"அக்கா, எங்களுது மூணு அங்கே இருக்கு" என்றாள், அடுப்பைப் பார்த்தபடியே.

எனக்குச் சட்டென்று புரியவில்லை.

"ஆஸ்பத்திரியிலே. வருஷா வருஷம் வாடகை கட்டுறோம். முதல் தடவை வச்சது நிக்கலை. பத்து வருஷத்துக்கு மேல வச்சிருக்கக் கூடாதுன்னு சட்டமாம்."

ஆம். 2021-ஆம் ஆண்டு வந்த சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வைத்துக்கொள்ளும் பெண்ணுக்கும் ஐம்பது வயதுதான் வரம்பு.

"உனக்குத்தான் இன்னும் காலம் இருக்கிறதே" என்றேன்.

"அது இல்லைக்கா. வர்ற வெள்ளிக்கிழமை தேதி கொடுத்திருக்காங்க. மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆச்சு. இப்போ தீட்டு வந்துடுச்சு. காரியம் முடியறதுக்குள்ள போனா என்ன சொல்வாங்களோன்னு... மாமியார் தள்ளிப் போடச் சொல்றாங்க. தள்ளினா இந்த மாசம் சாப்பிட்டதெல்லாம் வீண். பணம் வேற."

அவளுக்கு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. எழுபதாயிரம் வருஷக் கணக்குச் சொன்னவளுக்கு இந்த நாலு நாள் கணக்கு வரவில்லை.

பின்னால் கதவு கிறீச்சிட்டது. அத்தை நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ!

"கட்டிக்கொடுத்த பொண்ணுக்கு மூணு நாள்தான் தீட்டு" என்றாள். "நாளைக்கு எடுக்கிறோம், வியாழனோட தீந்துது. வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்திக்கிட்டுப் போ. உங்க மாமியாருக்கு நான் போன் பண்றேன்."

"அத்தை, உங்களுக்கு..."

"எனக்கு எல்லாம் தெரியும். தண்ணி கொதிக்குது பார், தூளைப் போடு."

நாலரை மணிக்கு வாசலில் கார் வந்து நின்றது. அண்ணன் சூட்கேஸைக்கூட இறக்காமல் உள்ளே ஓடினார். பெட்டியின் மூடியைத் திறந்தார்கள். யாரோ மோட்டாரை நிறுத்தினார்கள்.