சூப்பர்மேனின் வேகத்தை எதைக் கொண்டு அளப்பது?

1938 ஜூன் மாதத் தேதியிட்டு அமெரிக்காவில் வெளிவந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமானபோது அவனுக்குப் பறக்கத் தெரியாது. கிளீவ்லேண்ட் நகர இளைஞர்களான ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் அவனுக்கு அளித்த ஆற்றல்கள் பெரியவைதாம் என்றாலும் அளவுக்கு உட்பட்டவை: எட்டில் ஒரு மைல், அதாவது சுமார் 200 மீட்டர் தாவுவான், விரைவு ரயிலை ஓடி முந்துவான், வெடிக்கும் பீரங்கிக் குண்டைவிட வலுக்குறைந்த எதுவும் அவன் தோலைத் துளைக்காது. நாற்பதுகளின் தொடக்கத்தில் வானொலித் தொடரும் ஃபிளெய்ஷர் நிறுவனத்தின் கார்ட்டூன் படங்களும் அந்தத் தாவலைப் பறத்தலாக்கின. அறுபதுகளுக்குள் அவன் கோள்களை நகர்த்துபவனாகவும் காலத்தைக் கடந்து பறப்பவனாகவும் வளர்ந்துவிட, 1986இல் ஜான் பைர்ன் அவன் கதையைப் புதிதாகத் தொடங்கி ஆற்றல்களைப் பெருமளவு குறைத்தார். ஆகவே, சூப்பர்மேன் எவ்வளவு வேகமானவன் என்று ரசிகர்கள் வாதிடும்போது, எந்த ஆண்டின் சூப்பர்மேன் என்ற கேள்விக்கு முதலில் விடை காண வேண்டியிருக்கிறது.

ரசிகர்கள் இதற்கென்றே சில விதிகளை வகுத்துக்கொண்டுள்ளனர். அதிகாரபூர்வமான கதைத்தொகுதியைக் ‘கேனன்’ என்றும், கதைக்குள் நிகழ்ந்து காட்டப்பட்ட சாதனையை ‘ஃபீட்’ என்றும் குறிப்பிடும் அவர்கள், கதைமாந்தர் பேச்சில் வரும் பெருமையைவிடக் கண்முன் நிகழ்ந்த செயலுக்கே மதிப்பளிக்கின்றனர். நூறு கதைகளோடு பொருந்தாமல் ஒரே ஒரு கதையில் மட்டும் தென்படும் ஆற்றலை விதிவிலக்கு என்று ஒதுக்குவதும் உண்டு. நெடுந்தொலைவு பறக்கும் வேகம் வேறு, சண்டையின் நடுவே எதிரியின் அடியைக் கண்டு விலகும் வேகம் வேறு என்ற பாகுபாடும் இவ்விவாதங்களில் முக்கியமானது. விண்மீன்களுக்கிடையே விரைபவன் எதிரியின் குத்தை ஏன் வாங்கிக்கொள்கிறான் என்ற நியாயமான கேள்விக்கு இதுவே வழக்கமான விடை. இது வெறும் பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆனால் சான்றுகளைத் திரட்டி, அவற்றின் தகுதியை எடைபோட்டு, முரண்பாடுகளை விளக்கும் இம்முறை கவனமான வாசிப்புக்கு நல்ல பயிற்சி என்பதில் ஐயமில்லை. எடுத்துக்காட்டாக, 1978இல் ரிச்சர்ட் டோனர் இயக்கிய திரைப்படத்தின் இறுதிப் பகுதியில் சூப்பர்மேன் பூமியை வேகமாகச் சுற்றிப் பறக்க, பூமி எதிர்த்திசையில் சுழல்கிறது. அவன் பூமியைத் திருப்பியதால் காலம் பின்னோக்கியதா, அவன் காலத்தில் பின்னோக்கிச் சென்றதால் பூமி அவ்வாறு தெரிந்ததா என்பதில் ரசிகர்கள் இன்றும் இரு பிரிவாகவே நிற்கின்றனர்.

இயற்பியல் இந்த விவாதத்தில் நுழையும்போது அது மேலும் செறிவடைகிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் கக்காலியோஸ், சூப்பர் ஹீரோக்களின் இயற்பியலைப் பற்றி 2005இல் வெளியிட்ட நூலில், தொடக்ககாலச் சூப்பர்மேனின் அந்த 200 மீட்டர் தாவலைச் செங்குத்து உயரமாகக் கொண்டு, தரையை விட்டு எழும் கணத்தில் மணிக்கு ஏறத்தாழ 225 கிலோமீட்டர் வேகம் தேவை என்று கணக்கிட்டு, அத்தகைய கால்கள் உருவாகச் சூப்பர்மேன் பிறந்த கிரிப்டான் கோளின் ஈர்ப்பு பூமியைப் போல் 15 மடங்கு இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். பிற்காலச் சூப்பர்மேனிடம் இத்தகைய கணக்கு திகைக்க வைக்கும் எண்களையே தருகிறது. 100 கிலோ எடையுள்ள உடல் ஒளியின் வேகத்தில் 90 விழுக்காட்டை எட்டினால், அதன் இயக்க ஆற்றல், அதாவது இயங்குவதால் அது பெற்றிருக்கும் ஆற்றல், ஹிரோஷிமாவில் வீசப்பட்ட அணுகுண்டின் ஆற்றலைப்போல் ஒரு லட்சம் மடங்குக்கும் மேலாகும். ஒளியின் வேகத்தையே எட்டுவதற்கோ எல்லையற்ற ஆற்றல் வேண்டும். மீட்புக் காட்சிகளிலும் சிக்கல் உண்டு. ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஒரே நொடியில் ஒலியின் வேகத்தை அடைந்தால், தூக்கப்பட்டவரின் உடல் பூமியீர்ப்பைப்போல் சுமார் 35 மடங்கு விசையைத் தாங்க வேண்டியிருக்கும்.

வலிமையைப் பற்றிய எண்களும் இதே போக்கில் செல்கின்றன. கிராண்ட் மாரிசன் எழுதிய ஆல்-ஸ்டார் சூப்பர்மேன் தொடரில் அவன் தூக்கும் எடை, 2க்குப் பின் 20 சுழிகளைச் சேர்த்தால் வரும் அத்தனை டன். பூமியின் நிறையில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. 2012இல் வெளியான மற்றோர் இதழில் பூமியின் எடைக்கு நிகரான சுமையை ஐந்து நாள் தொடர்ந்து தாங்குகிறான். ஆனால் எடையை மட்டும் பார்ப்பவர்கள் அழுத்தத்தை, அதாவது குறிப்பிட்ட பரப்பில் விழும் விசையை, மறந்துவிடுகின்றனர்: 200 டன் விமானம் முழுவதும் இரண்டு உள்ளங்கைகளின் மேல் நின்றால், கைகள் விமானத்தின் மெல்லிய உலோகத் தோலைப் பொத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

சூப்பர்மேனையும், வேகத்தையே ஆற்றலாகக் கொண்ட ஃபிளாஷையும் நேருக்கு நேர் ஓடவிட்டால் வழக்கு தீரும் என்று வாசகர்கள் எதிர்பார்த்தனர். 1967இல் சூப்பர்மேன் இதழ் 199இல் அந்தப் பந்தயம் ஐக்கிய நாடுகள் அவையின் அறப்பணிக்காக நடந்தது. இருவர் மீதும் பணம் கட்டியிருந்த சூதாட்டக் கும்பல்களை ஏமாற்றுவதற்காக இருவரும் வேண்டுமென்றே ஒரே கணத்தில் எல்லைக்கோட்டைத் தொட்டனர். இரு நாயகர்களுக்கும் வாசகர் உண்டு என்பதால் ஒருவரைத் தோற்கடிக்கப் பதிப்பகம் தயங்கியிருக்க வேண்டும். 2009இல் ஃபிளாஷ், முந்தைய பந்தயங்கள் அறப்பணிக்காக நடந்தவை என்று நினைவூட்டிவிட்டுச் சூப்பர்மேனை எளிதாகப் பின்தள்ளிச் சென்றபோது, ஃபிளாஷின் ரசிகர்கள் வழக்கு முடிந்தது என்றனர். அது ஃபிளாஷின் பெயரிலேயே வந்த தொடர் என்பதால், அச்சான்று நடுநிலையானதன்று என்று சூப்பர்மேன் ரசிகர்கள் மறுக்கின்றனர்.